அலைன்மென்ட் செய்தும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, 90-இல் ஸ்டியரிங் ஆடுகிறது: உதவுங்கள்

சேலம் வெள்ளைக்கார்:
வணக்கம். என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டயர் அளவு 165/80 ஆர்14, ஸ்டீல் ரிம். இரண்டு தொல்லைகள். நேரான சாலையில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடது பக்கமாகப் போகிறது, பிரேக் பிடித்தால் இன்னும் அதிகமாக இழுக்கிறது. அப்புறம், 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்து 90, 95-இல் நன்றாகவே ஆடுகிறது. 110-க்கு மேல் போனால் குறைந்துவிடுகிறது.

முன் இடது டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. வெளிப்பக்கம் பட்டன் (டயர் மேல் உள்ள ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்தல்), பேலன்ஸிங் (சக்கர எடையைச் சமன்செய்தல்) இரண்டும் போன வாரம்தான் செய்தேன். ரிப்போர்ட்டில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டு பக்கமும் பச்சை, அதாவது சரி. கடைக்காரர் ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கைச் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்சட்டம்) போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார். பெரிய செலவு. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு அடிக்கடி கோவை போகிற வண்டி என்பதால் பயமாகவும் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாமக்கல் சாலைவாசி:
முதலில் காற்றைப் பாருங்கள் சார். ஒரு பக்கம் குறைந்திருந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகத்தான் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் பிடித்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். நாம் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இன்னொன்று, நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடது ஓரத்துக்குச் சரிவாக இருக்கும். லேசாக இடது பக்கம் போவது எல்லா வண்டிக்கும் உண்டு. சமதளமான இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சேலம் வெள்ளைக்கார்:
காற்று நான்கிலும் சரியாக இருக்கிறது. சமதளத்திலும் பார்த்தேன், இழுக்கிறது.

ஈரோடு டயர்க்கடை:
தம்பி, இழுப்பதும் ஆடுவதும் ஒரே கோளாறு என்று நினைக்க வேண்டாம். தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் பெரும்பாலும் சக்கரத்தில்தான் கோளாறு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அடித்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் டிரைவ் ஷாஃப்டின் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள் ஜாயிண்ட். உங்களுக்கு இரண்டும் இல்லை. ராக் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ப்ளே (தளர்வு) வரும், மேடு பள்ளத்தில் சத்தம் வரும். 90-இல் மட்டும் ஆடி 110-இல் அடங்குவது அதன் குணம் இல்லை.

பேலன்ஸிங் செய்தாகிவிட்டதே என்பீர்கள். மெஷின் எடையைத்தான் பார்க்கிறது. ரிம் கோணியிருந்தாலும் ஈயக்கட்டி ஒட்டி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் சாலையில் அது கோணலாகத்தான் சுற்றும். மறுபடி மெஷினில் மாட்டிச் சுற்றச் சொல்லி, ரிம்மின் உள் விளிம்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வெளி விளிம்பை எல்லாரும் பார்ப்பார்கள், பள்ளத்தில் அடிபட்டு நெளிவது பெரும்பாலும் உள் விளிம்புதான். டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரில் ஓட்டவே கூடாது.

கடைக்குப் போக நேரமில்லை என்றால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஸ்டியரிங் ஆட்டம் நின்று, இருக்கையில் நடுக்கம் வந்தால் குற்றவாளி அந்த இரண்டு சக்கரத்தில் ஒன்று. மாட்டும்போது ஹப் (ரிம்மை மாட்டும் பாகம்) முகத்தில் இருக்கும் துருவையும் மண்ணையும் சுரண்டிவிடுங்கள், அது இருந்தாலும் ரிம் நேராக உட்காராது. ஆனால் மொட்டையான அந்த டயரைப் பின்னால் போட்டு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம், அதன் இடத்தில் ஸ்டெப்னியைப் போட்டுச் சோதியுங்கள்.

கொங்கு மெக்கானிக்:
மேலே அண்ணன் சொன்னது ஆட்டத்துக்கு முழு பதில். இழுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

டயரை வைத்தே நிறையக் கண்டுபிடிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் டோ அல்லது கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு). இப்போது கையை டயர் மீது வைத்து குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போல முள்ளாகவும் இருந்தால் டோ. முள்ளே இல்லாமல் மழமழவென்று சாய்வாகத் தேய்ந்திருந்தால் கேம்பர்.

ரிப்போர்ட்டில் டோ பச்சையாக இருந்தும் டயர் இப்படித் தேய்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) பின்பக்க புஷ் (ரப்பர் உறை). அலைன்மென்ட் பார்க்கும்போது வண்டி நின்றுகொண்டிருக்கிறது. புஷ் மேல் இழுவிசை இல்லை, அளவு சரியாகத்தான் காட்டும். சாலையில் பிரேக் பிடித்தவுடன் கிழிந்த ரப்பர் விட்டுக்கொடுத்து, சக்கரம் பின்னால் நகரும். டோ மாறும், அந்தப் பக்கம் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், வண்டி அந்தப் பக்கமே திரும்பும். பிரேக் பிடித்தால் கூடுதலாக இழுக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான் இதில் முக்கியமான தடயம்.

பார்ப்பது சுலபம். லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் கொஞ்சம்தான் அசையும், கிழிந்தது தாராளமாக நகரும். அப்படியே சக்கரத்தோடு இணையும் மூட்டுகளான பால் ஜாயிண்டையும் டை ராட் எண்டையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் ஜாக்கி மட்டும் போட்டு வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

புஷ் சரியாக இருந்தால் அடுத்தது பிரேக் காலிபர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்). கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் நிறுத்தி, இரண்டு முன் ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இடது பக்கம் மட்டும் அனலாக அடித்தால் காலிபரின் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் ராக்கில் கை வைக்கவே விடாதீர்கள்.

சேலம் வெள்ளைக்கார்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. வேறொரு கடையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். இடது லோயர் ஆர்ம் பின் புஷ் பாதிக்கு மேல் கிழிந்து தொங்கியது. டயரைத் தடவியபோது முள் தெளிவாகத் தெரிந்தது. ரிம்மும் அண்ணன் சொன்ன மாதிரியே, வலது முன் சக்கரத்தின் உள் விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது, வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே இல்லை. ராக்கில் எந்தப் பழுதும் இல்லை.

இரண்டு பக்க ஆர்மும் மாற்றச் சொல்லிவிட்டேன். ரிம் புதிது வாங்குகிறேன். இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். பின் டயர்கள் பாதி தேய்ந்தவை. புதியதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? கடையில் முன்னால் என்கிறார்கள்.

நாமக்கல் சாலைவாசி:
முன்னால்தானே சார்? வண்டியை ஓட வைப்பதும் திருப்புவதும் முன் சக்கரம். பிரேக்கில் பாரத்தின் பெரும்பகுதி முன்னால்தான் வருகிறது.

ஈரோடு டயர்க்கடை:
இதில் நான் மாறுபடுகிறேன். புதியது பின்னால்தான். நனைந்த சாலையில் முன் டயர் பிடியை இழந்தால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்ப வரும், சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியும். பின் டயர் பிடியை இழந்தால் வண்டி சுழன்றுவிடும், அதைத் திருத்தப் பழக்கம் வேண்டும், நேரமும் கிடைக்காது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மழையில் இறங்கும்போது யோசித்துப் பாருங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் பாதி தேய்ந்த இரண்டும் முன்னால் வரட்டும். டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடாக டி.டபிள்யூ.ஐ. என்ற தேய்மானக் குறி இருக்கும், அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-இன் 23-ஆவது வாரம். அளவுக்குப் பின்னால் 85டி என்று இருந்தால், ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம் வரை தகுதியானது. முன்பு இருந்ததை விடக் குறைந்த எண்ணை வாங்கிவிட வேண்டாம்.

கொங்கு மெக்கானிக்:
ஆர்ம் போடும்போது ஒன்று கவனியுங்கள். புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. அதற்கு அப்புறம்தான் அலைன்மென்ட். சக்கர நட்டையும் கன் வைத்து ஒரேயடியாக அடிக்க விடாமல், எதிரெதிராக டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள்.

சேலம் வெள்ளைக்கார்:
வேலை முடிந்தது. புது டயர் பின்னால் போட்டாயிற்று. அலைன்மென்ட் முடிந்து பெருந்துறை வரை ஓட்டிப் பார்த்தேன், இழுக்கவில்லை, 95-இல் ஆட்டமும் இல்லை. மெதுவாக வேகத்தடை ஏறும்போது மட்டும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. இது முன்பும் இருந்தது.

கொங்கு மெக்கானிக்:
மெதுவாகப் போகும்போது மட்டும் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்ன ராட்) ஆக இருக்கலாம். சின்ன செலவுதான். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'டொய்ங்' என்று சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்டையும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனைத் தாங்கி) பார்க்கச் சொல்லுங்கள்.