ஸ்காட்லாந்து எஸ்டேட்டுகளின் வாயில் வீடுகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்கள் கோட்டைகளையும் மாளிகைகளையும் தேடிப் போகிறார்கள். மாளிகையைச் சுற்றிய பெருநிலமான எஸ்டேட்டின் வாசலில் காவலாளி குடும்பத்துக்காகக் கட்டிய சின்னஞ்சிறு வீட்டைப் பார்க்க யாரும் காரை நிறுத்துவதில்லை. எனக்கு அதில்தான் ஆசை அதிகம். மாளிகையின் கூரையை அண்ணாந்துதான் பார்க்க முடியும். வாயில் வீட்டின் இறவாரமோ கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. கொத்தனாரும் கூரை வேய்ந்தவரும் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பெர்த்ஷையர்ப் பக்கம் ஒரு வாயில் வீட்டில் அப்படித்தான் வெகுநேரம் நின்றேன். கூரை முழுக்கக் கருநீலக் கற்பலகை ஓடுகள். இறவாரத்தில் அகலமும் நீளமுமாகப் பெரிய பலகைகள், மேலே போகப்போகச் சிறுத்து, முகட்டருகே உள்ளங்கை அகலம்தான். கல் சுரங்கத்தில் பல அளவுகளில்தான் கிடைக்கும். எதையும் வீணாக்காமல் தரம் பிரித்து, கனத்ததைக் கீழே வைத்து அடுக்குவது இந்த நாட்டுக் கூரைக்காரர்களின் பழைய வழக்கம். பலகைக்குத் தலைப்பக்கம் ஒரே ஆணி. உடைந்தால் பக்கத்துப் பலகைகளை நகர்த்திவிட்டு மாற்றிவிடலாம். இப்படிப்பட்ட கல்லுக்குப் பேர்போன பாலகூலிஷ் சுரங்கம் 1955இல் மூடப்பட்டது. அதனால் பழைய கூரையிலிருந்து கழற்றிய பலகைக்குத்தான் இன்றும் மதிப்பு.

கிளாஸ்கோவுக்கு மேற்கே, பிஷப்டன் அருகில் உள்ள ஃபார்மக்கின் எஸ்டேட்டையும் சொல்ல வேண்டும். எடின்பரோ கோட்டைக்குள் தேசியப் போர் நினைவகத்தை வடிவமைத்த ராபர்ட் லோரிமர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஹோம்ஸ் என்ற பங்குத் தரகருக்காக அதைக் கட்டினார். பழைய ஸ்காட்டிஷ் வீடுகளின் சாயல் அதில் அத்தனை அச்சாக இருக்கிறது. வாயில் வீட்டில் 1694 என்று ஆண்டு பொறித்து, கூடவே டி.எல். என்று இரண்டு எழுத்துகள். ஆங்கிலத்தில் ‘டேம்ட் லை’ (Damned Lie), அதாவது ‘அப்பட்டமான பொய்’ என்பதன் சுருக்கமாம் அது! பழமையை நேசித்த ஒருவர், பார்ப்பவரை ஏமாற்ற மனமில்லாமல் உண்மையையும் கல்லிலேயே வெட்டிவைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நீங்கள் பார்த்தவற்றை எழுதுங்கள்.

மறுமொழி 1

இன்னர்லீதன் அருகே டிராக்வேர் மாளிகைக்குப் போயிருந்தோம். அங்கே வீட்டைவிட வாயில்தான் கதை. இரு தூண்களின் மேலும் கல் கரடிகள். 1745இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் வந்துபோன பிறகு, ஸ்டூவர்ட் வம்சத்தார் மீண்டும் முடிசூடும்வரை திறப்பதில்லை என்று சாத்திய கதவு என்கிறார்கள். வாயிலுக்கும் மாளிகைக்கும் இடையே இருந்த அகன்ற சாலையில் இப்போது புல்தான். எல்லோரும் பக்கத்து வழியாகத்தான் போய்வருகிறோம். என் மகள் கம்பிக்குள் கைவிட்டு, “தள்ளினால் திறக்குமா அப்பா?” என்று கேட்டாள்.

மறுமொழி 2

விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஒரு வாயில் வீட்டில் குடும்பத்தோடு தங்கினோம். முன்னறை ஜன்னல் மூன்று முகமாக வெளியே நீண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாலையின் இரு பக்கமும் தெரிந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டியவர்களுக்கு அது தேவைதான். அழகெல்லாம் சாலையைப் பார்த்த பக்கத்தில். குளியலறை பின்னால் ஒட்டவைத்தது. அலமாரிக்கு இடமே இல்லை. படுக்கையறைச் சுவரில் வேறு ஈரம். பிள்ளைகுட்டிகளோடு அதில் காலம் தள்ளியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மறுமொழி 3 (பதிவை எழுதியவர்)

ஈரம் என்றீர்களே, வெளிப்பூச்சு சிமென்ட்டா என்று விசாரித்தீர்களா? அந்தக் காலத்தில் சுண்ணாம்பையும் சரளையையும் குழைத்துச் சுவரில் வீசியடிப்பார்கள். மழையில் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசினால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை, கல்லையே அரித்துவிடுகிறது. நல்ல வீடுகள் பல இப்படிப் பாழாவதைப் பார்க்க வயிறு எரிகிறது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் நண்பரே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் ஸ்காட்லாந்தில் இன்னும் இருக்கிறார்கள்.