சபை குடும்பம் என்றால், ஆராதனை முடிந்ததும் அது எங்கே போகிறது?

ஒயிட்ஃபீல்டு ஜெபா

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேலைக்காக பெங்களூர் வந்து ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். வீடு தேடும்போது அட்வான்ஸ் வரை பேசி முடித்த இடத்தில், முழுப்பெயரைக் கேட்டதும் "வீட்டில் பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. இப்போது இருக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை நாலைந்து பேர் கூடி ஜெபித்து வந்தோம். ஓனர் பார்த்துவிட்டு, "மதம் மாத்துற வேலை எல்லாம் இங்கே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஜெபம் நின்றுபோனது.

போன ஞாயிறு எங்கள் தமிழ் சபையில் பாஸ்டர் பேதுருவின் முதலாம் நிருபத்திலிருந்து பேசினார். நாம் இந்த உலகத்துக்கு அந்நியரும் பரதேசிகளும், உலகம் நம்மைச் சேர்த்துக்கொள்ளாது, தேவனுடைய குடும்பம்தான் நமக்கு வீடு என்றார். உண்மையாகவே கண் கலங்கியது. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். நாசரேத்தில் எந்தத் தெரு? தாத்தா பெயர் என்ன? அம்மா எந்த ஊர்? அம்மாவின் ஊரைச் சொன்னதும் கையை விட்டுவிட்டார். "சரி தம்பி, வாங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஓனர் செய்ததற்கும் இவர் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? எது குடும்பம், எது உலகம்? மனதில் பட்டதை யாராவது சொல்லுங்கள்.

அல்சூர் டேனியல்

தம்பி, வாசலில் நடந்தது தப்பு. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் அதை வைத்துப் பிரசங்கமே பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் தேவனுடைய பிள்ளையா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெரியவர் இல்லை. சபைக் கமிட்டியும் இல்லை. நானும் உங்கள் சபையின் கமிட்டியில் இருப்பவன்தான், அதனால் சொல்கிறேன். பவுல் ரோமருக்கு எழுதும்போது புத்திரசுவிகாரத்தை, அதாவது தத்தெடுப்பதை, பற்றிச் சொன்னது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். ரோமச் சட்டத்தில் தத்தெடுக்கப்பட்டவன் புதிய தகப்பனின் பெயரையும் சொத்துரிமையையும் முழுதாகப் பெறுவான். இயேசு பிறந்த காலத்தில் குடிமதிப்பு எழுதச் சொன்ன ரோமப் பேரரசன் அகுஸ்துராயனே அப்படி வந்தவன்தான். ஜூலியஸ் சீசர் தன் உயிலில் அவனை மகனாக ஏற்றுக்கொண்டதால்தான் அவனுக்குச் சீசர் என்ற பெயர் கிடைத்தது. தகப்பன் கையெழுத்துப் போட்ட பிறகு, வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நீங்கள் பிள்ளைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது பெங்களூரில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். அப்போது நான் கல்லூரிப் பையன். எங்கள் தெருக்கோடியில் கன்னட சபையைச் சேர்ந்த ஒரு ஆன்ட்டி இருந்தார். எங்கள் வீட்டில் எல்லோரையும் பின்வாசல் வழியாக அழைத்துப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்தார். கூட்டம் வந்து கதவைத் தட்டியது. "எல்லா நம்மவரே" என்று, எல்லோரும் எங்கள் ஆட்கள்தான் என்று, கன்னடத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதற்கு முன் அவரோடு நாங்கள் பேசியதுகூட அதிகம் இல்லை. தேவனுடைய குடும்பம் என்று பாஸ்டர் சொன்னால் எனக்கு அந்தச் சமையலறைதான் நினைவுக்கு வரும். அதைப் பார்த்தவன் நான். யார் சொன்னாலும் அது வெறும் பேச்சு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோலார் மேரி

டேனியல் அண்ணே, அந்த ஆன்ட்டியை நினைத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது கலவர நாள். தம்பி கேட்பது சாதாரண ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

நான் கே.ஜி.எஃப்.காரி, கோலார் தங்கவயல். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் எங்கள் ஆட்கள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். இன்றைக்கும் வருகிறார்கள். அந்நியர், பரதேசி என்றால் என்ன என்று எங்களுக்குப் பிரசங்கம் வைத்து விளக்க வேண்டியதில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துவந்தவர் சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்கு இல்லை என்றார்கள். பட்டியல் சாதிகள் எவை என்று சொல்லும், 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்திப்படி கிறிஸ்தவர் பட்டியலில் வர முடியாது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நமக்கு இன்னும் இல்லை. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு. கிறிஸ்தவ சமுதாயத்துக்குள் வந்த பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள், அண்ணே. உலகம் கைவிட்ட ஒரு ஏழைக்காக நம் சபைகள் எழுந்து, "ஆமாம், எங்கள் வாசலிலும் கல்லறையிலும் சாதி இருக்கிறது" என்று சாட்சி சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு நம் தலைவர்கள் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி டெல்லிக்குப் போகிறார்கள். சபையில் சாதி இருக்கிறது என்றுதான் அங்கே வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏன் கேட்க முடியவில்லை? 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதற்காகத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். சாதியை விட முடியாமல் தேவனுடைய வீட்டை விட்டார்கள்.

எனவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் கதவை அடைத்தார்கள்.

எபி, கம்மனஹள்ளி

மேரி அக்கா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எனக்குப் பிரச்சினை பிரசங்கத்தின் மறுபாதியில். உலகம் நம்மைப் பகைக்கிறது, பகைக்கிறது என்று வாரா வாரம் சொல்லிச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத ஒரு கூட்டத்தை உருவாக்கிவிட்டோம்.

செப்டம்பர் 8, மாதா திருவிழா அன்று சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்குப் போய்ப் பாருங்கள். காவி உடுத்தி வரிசையில் நிற்பவர்களில் இந்துக்கள் எத்தனை பேர், முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர்! இந்த நகரம் முழுவதும் நமக்கு விரோதி இல்லை.

அதே பேதுரு நாலாம் அதிகாரத்தில் இன்னொன்றையும் சொல்கிறார். கொலைகாரனாக, திருடனாக, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகப் பாடுபடக் கூடாது, கிறிஸ்தவனாக இருப்பதால் பாடு வந்தால் மட்டும் வெட்கப்படாதே என்கிறார். ராத்திரி பத்தரை மணிக்கு மைக் வைத்து ஜெபித்து, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அப்பா வந்து சண்டை போட்டால் அது கிறிஸ்துவுக்காகப் பட்ட பாடு ஆகாது. எங்கள் தெருவில் இது நடந்தது. மறுநாள் சாட்சி நேரத்தில் அதை உபத்திரவம் என்றார்கள்.

பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா என்ன எழுதினார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான். 362-ல் ஜூலியன் என்ற ரோமப் பேரரசர், கிறிஸ்தவர்களை அடியோடு வெறுத்தவர், தன் பூசாரி ஒருவருக்கு ஆதங்கத்தோடு எழுதினார்: இவர்கள் தங்கள் ஏழைகளுக்கு மட்டுமல்ல, நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று. விரோதியே அப்படி எழுதும் அளவுக்கு வாழ்ந்தார்கள்.

ஒயிட்ஃபீல்டு ஜெபா

எபி பிரதர், எங்கள் ஜெபத்தில் மைக் கிடையாது. கிட்டார்கூடக் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பாடினோம். 2022-ல் கர்நாடகத்தில் மதமாற்றச் சட்டம் வந்தபோது, உறவினர் மட்டுமல்ல, கூட வேலை செய்பவர்கூடப் புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. அதை நீக்குவதாக 2023-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் அந்தப் பயம் ஓனர்களின் மனதிலும் இருக்கிறது, எங்கள் மனதிலும் இருக்கிறது. நாம் சத்தம் போட்டதால்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டால் என் அறையில் நடந்தது கணக்கில் வராமல் போய்விடும்.

எபி, கம்மனஹள்ளி

நியாயம். உங்கள் அறையில் நடந்தது அநியாயம்தான், அதைப் பாடு என்றே சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பிரசங்கிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அல்சூர் டேனியல்

எபி, நீங்கள் பெரிய இடத்து உதாரணம் சொல்கிறீர்கள். பேதுரு யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். பொந்து, பித்தினியா என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது. அதே பகுதிக்கு ரோம ஆளுநராகப் போன பிளினி, ஏறக்குறைய கி.பி. 112-ல் டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், வாக்கு மீற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், அப்புறம் கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறார். வேறு குற்றம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் கொன்றார். சமாதானமாக வாழ்ந்தாலும் உலகம் அடிக்கும். அதைச் சபையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

கோலார் மேரி

அண்ணே, அந்தக் கடிதத்தை முழுதாகச் சொல்லுங்கள். உண்மையைக் கண்டுபிடிக்க பிளினி யாரைச் சித்திரவதை செய்தார்? இரண்டு அடிமைப் பெண்களை. அவர்களுக்குச் சபையில் உதவி ஊழியக்காரிகள் என்று பெயர் இருந்ததாக அவரே எழுதுகிறார். வெளியே ஒரு எஜமானுக்குச் சொத்து, உள்ளே சபையின் ஊழியக்காரி. பந்தியில் பரிமாறினார்களோ, ஜெபம் நடத்தினார்களோ, யாரும் அவர்களிடம் தாத்தா பெயரைக் கேட்டு நிறுத்தவில்லை. உலகம் ஏன் பயந்தது என்பது எனக்கு அங்கேதான் புரிகிறது.

அப்படி ஒரு பந்தி நம்மிடம் இருக்கிறதா? சபை விருந்தான அசனத்துக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம், சரி. பெண் பார்க்கும்போது?

அல்சூர் டேனியல்

மேரி, கல்யாணம் குடும்ப விஷயம். ஒரே நாளில் மாறாது.

கோலார் மேரி

குடும்பம் என்ற வார்த்தையைப் பிரசங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கல்யாணத்தில் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, அண்ணே. பவுல், ஒநேசிமு என்ற அடிமையை அவன் எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது, அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதினார். மெதுவாக, காலம் வரும்போது ஏற்றுக்கொள் என்று எழுதவில்லை. என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனை ஏற்றுக்கொள் என்றார். அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் எழுது என்றார்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். உங்கள் சபை மாத இதழின் கடைசிப் பக்கத்தில் வரன் விளம்பரம் வருகிறது. சபைப் பெயர், அடுத்து சாதிப் பெயர். அதை நிறுத்துவீர்களா? ஜெபா தம்பி, அதுவரை நீங்கள் எங்கள் கே.ஆர்.புரம் கூடுகைக்கு வாருங்கள். கே.ஜி.எஃப். ஆட்கள் அதிகம், ஒரிசாவிலிருந்து வந்த இரண்டு குடும்பங்களும் உண்டு. அந்தச் சபையில் இருந்து கஷ்டப்பட வேண்டாம்.

அல்சூர் டேனியல்

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். சாதிப் பெயர் இல்லாமல்தான் விளம்பரம் வர வேண்டும் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். விளம்பரப் பணம் குறையும் என்று பொருளாளர் சொல்வார். குறையட்டும். எங்கள் பாஸ்டரிடம் நேற்றே பேசிவிட்டேன்.

ஆனால் தம்பியை வெளியே கூப்பிடுவதை ஏற்க மாட்டேன். புண்பட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், உள்ளே தாத்தா பெயரைக் கேட்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அது யாருக்குச் சாதகம்? முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்று பேதுரு எழுதியது பரதேசிகளுக்குத்தான். அதை எங்கள் சபையில் செய்ய வைக்க ஜெபா போன்றவர்கள் உள்ளே இருக்க வேண்டும்.

கோலார் மேரி

உள்ளே இருந்து திருத்தும் வேலையை ஏன் எப்போதும் அடிபட்டவன் தலையிலேயே வைக்கிறீர்கள்? அந்தப் பெரியவரிடம் யார் பேசப் போகிறார்கள்?

அல்சூர் டேனியல்

நான் பேசுகிறேன். அவர் என் சித்தப்பா.

ஒயிட்ஃபீல்டு ஜெபா

டேனியல் அண்ணன், தீர்மானம் வரட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மேரி அக்கா, கே.ஆர்.புரம் கூடுகை வெள்ளிக்கிழமைதானே? வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் போவேன். ஓனரிடம் போய்ப் பேசிப் பார்க்கிறேன், ஆனால் வீட்டில் ஜெபிப்பது தவறு என்று மட்டும் அவரிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா, கூடுகை இடத்தின் லொக்கேஷனை உள்பெட்டியில் அனுப்புங்கள்.