இயற்கைப் பனி 8 சென்ரிமீற்றர், திறந்த பாதைகள் 14: இந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது?

கொக்குவில் வாசி:

வணக்கம் உறவுகளே. மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகவிருக்கிறோம். ஜோர்ஜியன் விரிகுடாவுக்குப் பக்கத்திலுள்ள சறுக்குமலை ஒன்றுக்கு ஒருநாள் கூட்டிச் செல்வதாக அவர் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நாளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நுழைவுச்சீட்டை முற்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆனால் வாங்கியபின் பணம் திரும்பாது.

சென்ற ஆண்டு இதே காலத்தில் வந்த பனி அறிக்கையை அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கிழமை பெய்த இயற்கைப் பனி 8 சென்ரிமீற்றர், சரிவில் ஏற்கெனவே படிந்து கிடக்கும் பனியின் உயரம், அதாவது அடித்தளம், 45 சென்ரிமீற்றர், நாற்பது பாதைகளில் திறந்திருப்பவை 14 என்று அதில் இருக்கிறது. மீதி இயந்திரப் பனி என்பது விளங்குகிறது. விளங்காதது என்னவென்றால், வெப்பநிலை −1 பாகையாக இருந்த இரவில் இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். 0 பாகையாக இருந்த இரவில் ஓடவிட்டிருக்கிறார்கள். ‘மாசிப்பனி மூசிப் பெய்யும்’ என்று கேட்டு வளர்ந்த எனக்குப் பனி என்றால் விடியப்புறம் வாழையிலையில் நிற்கும் ஈரந்தான். தெரிந்தவர்கள் விளக்கினால் நாளைத் தீர்மானிக்க உதவியாக இருக்கும்.

உலர்குமிழ்:

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பிப்பவன். பனிமலையை நேரில் கண்டதில்லை. ஆனால் உங்கள் இரண்டு இரவுகளின் புதிருக்கு விடை நம்முடைய மண்பானையில் இருக்கிறது. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளேயுள்ள தண்ணீர் குளிர்கிறது. ஆனால் கார்த்திகை அடைமழையில் வளி ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அதே பானை அவ்வளவாகக் குளிர்வதில்லை.

பனி செய்யும் அந்த இயந்திரமான பனிப் பீரங்கியும் இதே விதியில்தான் இயங்குகிறது. அது மிகுந்த அமுக்கத்தில் நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. அதனுடன் வெளிவரும் அமுக்கப்பட்ட வளி சட்டென்று விரிந்து குளிர்வதால் மிகச் சிறிய பனிக்கட்டி மணிகள் தோன்ற, மற்றத் துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு உறைகின்றன. ஒரு கிலோகிராம் நீர் உறையும்போது 334 கிலோயூல் வெப்பத்தை வெளிவிடும். துளி நிலத்தைத் தொடுமுன் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள வளியும் ஆவியாதலும் சேர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அவர்கள் பார்ப்பது சாதாரண வெப்பநிலையை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலையை; அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதை. அது ஏறத்தாழ −2 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் வேலை நடக்கும். வெப்பநிலை 0 பாகையாக இருந்தாலும் சாரீரப்பதன் (வளியிலுள்ள ஈரத்தின் அளவு) 30 வீதமாக இருந்தால் ஈரக்குமிழ் −4 பாகை அளவுக்கு இறங்கிவிடும். −1 பாகையில் மூடுபனியோடு 95 வீதமாக இருந்தால், அது −1 பாகையை விட்டு அதிகம் அசையாது. உங்கள் மச்சானின் அறிக்கையில் பிழை இல்லை.

தூய நீர்த்துளி 0 பாகைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கக்கூடியது. அதனால் சில இடங்களில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பற்றீரியாவிலிருந்து எடுத்த புரதத்தை நீரில் கலக்கிறார்கள். பயிர்களின் இலையில் உறைபனியை வரவழைத்துச் சேதம் செய்யும் அதே பற்றீரியாதான்.

இரவு வேலைக்காரன்:

ஆசிரியர் ஐயா சொன்னதை ஒரு குளிர்காலம் முழுவதும் என் சட்டைக் கையில் பார்த்தவன் நான். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு சறுக்குமலையில் இரவு வேலை கிடைத்தது. பீரங்கிக்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்று கையை நீட்டுவோம். விழும் மணி துள்ளி ஓடினால் பனி உலர்ந்தது, அப்படியே ஓடவிடலாம். துணியில் ஒட்டி ஊறினால் நீரைக் குறைக்க வேண்டும். எத்தனை கருவி இருந்தாலும் மேற்பார்வையாளர் கடைசியில் நம்பியது அந்தச் சட்டைக் கையைத்தான். ஒருமுறை பம்பி நின்றுபோனதைக் கவனிக்க நான் பிந்திவிட்டேன். நீர்க்குழாய் முழுநீளத்துக்கும் மரக்கட்டைபோல் உறைந்து, அதை மலையிலிருந்து இழுத்து இறக்க நான்கு பேர் தேவைப்பட்டோம். அந்த ஏச்சு இன்றும் காதில் நிற்கிறது.

இனி கொக்குவில் அண்ணாவின் கணக்குக்கு வருகிறேன். புதிதாகப் பெய்த இயற்கைப் பனி ஒரு கன மீற்றருக்கு நூறு கிலோகிராமோ அதற்கும் குறைவோதான் இருக்கும்; இலவம்பஞ்சு மாதிரி. இயந்திரப் பனி நானூறு, ஐந்நூறு கிலோகிராம் வரை வரும். ஆகையால் 8 சென்ரிமீற்றர் இயற்கைப் பனியைச் சமன்செய்யும் வண்டி மிதித்துவிட்டால் இரண்டு விரல் அளவுதான் மிஞ்சும். 45 சென்ரிமீற்றர் அடித்தளம் என்பது பெரும்பாலும் நாங்கள் இரவிரவாக அடித்தது. ஒரு ஹெக்ரேயர் சரிவை 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மூட ஏறத்தாழ 13 லட்சம் லீற்றர் தண்ணீர் வேண்டும். ஊரில் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றவர்களுக்கு இது விளங்கும்: பத்தாயிரம் லீற்றர் பவுசர் நூற்று முப்பது.

இவ்வளவு செலவானதால் எல்லாப் பாதைக்கும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. பழகுநர் சரிவும், அடிவாரம்வரை இறங்கும் ஒரு முக்கியப் பாதையும் முதலில் திறக்கும். மரங்களுக்கிடையே போகும் பாதைகளில் குழாயே இல்லை. அவை வானத்தை நம்பியவை. அதனால் ‘நாற்பதில் 14’ என்ற எண்ணைவிட, அந்தப் பதினான்கில் பச்சை வட்டமிட்டவை எத்தனை என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் இலகுவானது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். முதல்நாள் பிள்ளைகளுக்கு இரண்டு பச்சைப் பாதை போதும். மற்றப் பன்னிரண்டும் பூட்டிக் கிடந்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

அல்ப்ஸ் அடிவாரம்:

நான் சுவிஸில் இருபது ஆண்டுகளாக இருப்பவள். தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். இயந்திரப் பனி பகலில் சற்று இளகி இரவில் மீண்டும் உறைந்தால், காலையில் சீமெந்துத் தரைபோல் இருக்கும். என் மகள் முழங்கையில் காயப்பட்டது அப்படியொரு காலையில்தான். விழப்போகிற பிள்ளைகளுக்கு மேலே பத்து சென்ரிமீற்றர் இயற்கைப் பனி இருப்பது பெரிய ஆறுதல். முடிந்தால் தை பிற்பகுதியிலோ மாசியிலோ போங்கள்.

ஒரு புதினமும் சொல்லவேண்டும். டாவோஸில் குளிர்காலப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடி, கோடை முழுவதும் காத்துவைத்து, அடுத்த பருவத் தொடக்கத்தில் சறுக்குத்தடத்தில் பரப்புகிறார்கள். முதன்முதலில் அதைக் கண்டபோது, குருநகரில் ஐஸ்கட்டிகளை மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

இரவு வேலைக்காரன்:

அக்கா சொல்வது சரி, ஆனால் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை மார்கழியில்தான். அப்படியென்றால் காலை ஒன்பது மணிக்குப் போகாமல் பதினொன்றுக்குப் போகலாம். அதற்குள் மேற்பரப்பு சற்று உடைந்து இளகியிருக்கும். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. விரிகுடா உறையாதிருக்கும்வரை, வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று தண்ணீருக்கு மேலால் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். வங்காள விரிகுடாவைக் கடந்துவரும் காற்று நமக்கு மாரி மழையைத் தருவதுபோலத்தான். ஆகவே குளிர்காற்று வடமேற்கிலிருந்து இரண்டு நாட்கள் வீசும் என்று முன்னறிவிப்பு வந்தால், அதற்கடுத்த கிழமைநாள் ஒன்றைப் பிடியுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காற்சட்டைக்கு ஜீன்ஸ் போடவேண்டாம். ஒருமுறை விழுந்தால் ஊறிவிடும், பிறகு பிள்ளை அழும்.

கொக்குவில் வாசி:

எல்லோருக்கும் நன்றி. மலிவுச் சீட்டு ஆசையை விட்டுவிட்டோம். போய் இறங்கியபின், காற்றின் திசையையும் பச்சைப் பாதைகளின் எண்ணிக்கையையும் பார்த்து, இரண்டு நாட்களுக்கு முன் சீட்டு வாங்குவதாக மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். விலை கூடத்தான், பரவாயில்லை.

நேற்றிரவு மழை விட்டபின் மகன் ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றி விறாந்தையில் தொங்கவிட்டான். உலர்குமிழ் 26 பாகை, ஈரக்குமிழ் 25 பாகை. இன்னும் 27 பாகை இறங்கினால் முற்றத்திலேயே பீரங்கியை வைக்கலாம் என்று சுவரில் எழுதிவிட்டான். தாய் இன்னும் பார்க்கவில்லை.