பெங்களூரு அல்சூர் வீடு (குடும்பக் குழு)

கார்த்திக்: சுகருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1. வெறும் வயிற்றில் 112.

அம்மா: ஐயோ கண்ணா! அப்பாவுக்கே 50 வயதுக்கு மேல்தானே வந்தது. உனக்கு 34.

சித்தி: காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறான் என்று கேளுங்கள் அக்கா.

செல்வி: சித்தி, காபி இருக்கட்டும். மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை பார்டர்தான், இன்னும் சுகர் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் தினமும் பார்க்கிறேன். தம்பி, எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?

கார்த்திக்: அமெரிக்க மீட்டிங் முடிய 1 மணி. தூக்கம் வர 2. காலை 7 மணிக்கு எழுந்தால் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசல். எட்டு மாதமாக இப்படித்தான் அக்கா. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு.

செல்வி: இதை ஏன் முன்பே சொல்லவில்லை? பதறும்போது அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடும். அதனால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். நாய் துரத்தினால் ஓட அது வேண்டும். நீ நாற்காலியில் உட்கார்ந்தே பதறுகிறாய், அது எங்கே செலவாகும்? மாதக்கணக்கில் நீடித்தால் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் சேரும்.

அத்தை: எனக்கு மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது சுகர் ஏறியதே, அதுபோலவா?

செல்வி: அதேதான் அத்தை. கார்டிசால் உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு.

கார்த்திக்: அப்போ டென்ஷன் குறைந்தால் சரியாகிவிடுமா?

செல்வி: அது மட்டும் போதாது. அப்பாவின் உடம்புவாகு இருக்கிறது, நடை இல்லை, ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா. டென்ஷன் இவற்றோடு சேர்ந்து தள்ளுகிறது. ஆனால் தூக்கத்தை லேசாக எடுக்காதே. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அதற்குள்ளேயே உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்துவிட்டது. நீ எட்டு மாதம்!

சித்தி: கார்த்தி, தெரியாமல் காபியைச் சொல்லிவிட்டேன் கண்ணா.

கார்த்திக்: பரவாயில்லை சித்தி. பாதி மீட்டிங்கையாவது காலைக்கு மாற்றச் சொல்லி நாளை மேனேஜரிடம் கேட்கிறேன்.

செல்வி: கேள். இந்த வாரமே டாக்டரையும் பார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, நானே கூட்டிப் போகிறேன்.

அம்மா: சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வா. ஏரிக்கரையில் உன்னோடு நடக்க வேண்டும் என்று அப்பா இப்போதே செருப்பைத் தேடுகிறார்.