லூயிஸின் ஓருவலுக்கு ஏன் அரண்மனை தெரியவில்லை?

இரவுப்பூச்சி:
சி. எஸ். லூயிஸின் ‘டில் வீ ஹேவ் ஃபேசஸ்’ (1956) நாவலை இப்போதுதான் முடித்தேன். காதல் தேவன் க்யூபிட், முகம் காட்டாமல் சைக்கி என்ற பெண்ணுக்குப் புருஷனாகும் பழங்கதையை, தெய்வங்கள் மேல் பிராது கொடுப்பதுபோல சைக்கியின் அக்கா ஓருவலே சொல்கிறாள். நீ நிற்பது என் அரண்மனை வாசற்படி என்கிறாள் தங்கை, அக்கா கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கிறிஸ்தவ விசுவாசியான லூயிஸ், நம்ப முடியாதவள் பக்கம் இவ்வளவு நியாயத்தை ஏன் வைத்தார்? வைத்துவிட்டு கடைசியில் அவளைப் பணியவும் வைத்துவிட்டார், அதுதான் ஒட்டவில்லை.

பழஞ்சுவடி:
இந்தப் பழங்கதையை 2ஆம் நூற்றாண்டில் லத்தீன் எழுத்தாளர் அபூலியஸ் எழுதியதில் அக்காக்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள், பொறாமையில் வேகிறார்கள், அவ்வளவுதான் கதை. அரண்மனையை மறைத்தது லூயிஸ். அந்த ஒரு மாற்றத்தில் பொறாமைக் கதை சந்தேகத்தின் கதையாகிவிட்டது. தங்கை கைகுவித்து மொண்டு கொடுப்பது அவளுக்குத் திராட்சரசம், இவளுக்கு ஊற்றுத் தண்ணீர். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணம் ஞாபகம் வந்தது எனக்கு. அப்புறம், லூயிஸே வெகுகாலம் நாத்திகர், கிறிஸ்துவிடம் வந்தது 1931இல்தான். அதற்கு முன்பே, மாணவராக இருந்தபோதே, இந்தக் கதையைச் செய்யுளில் எழுதிப் பார்த்திருக்கிறார். ஓருவலின் வாதம் அவருக்கு வெளியாள் வாதம் இல்லை.

மூடுபனி:
நியாயம் முழுக்க அவள் பக்கம் என்பதை ஏற்க மாட்டேன். ஆற்றில் தண்ணீர் குடிக்கக் குனிந்து நிமிரும்போது அக்கரையில் ஒரு கணம் அரண்மனை தெரிகிறதே! உடனே பனி மூடிவிடுகிறது, சரி, ஆனால் பார்த்தாள். அதன் பிறகும் தன் கையிலேயே கத்தியைப் பாய்ச்சிக்கொண்டு, விளக்கேற்றிப் புருஷன் முகத்தைப் பார் என்று தங்கையை மிரட்டுகிறாள். ஆதாரம் போதாதது இல்லை அவள் பிரச்சினை. தங்கை தன்னை விட்டு இன்னொருவனுக்குச் சொந்தமானதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முடிவும், துன்பத்தில் கடவுளிடமே முறையிட்ட வேதாகம யோபுவின் கதைதான், கேட்டதற்கு விளக்கம் வராது, தரிசனம் வரும்.

இரவுப்பூச்சி:
அந்த ஆற்றங்கரை இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், மறுபடி படிக்கிறேன். ஆனால் யோபு ஒப்பீடு பாதிதான் பொருந்தும். யோபு 42:7இல் ஆண்டவர் கடிந்துகொள்வது அவனுடைய சிநேகிதர்களை, யோபு பேசியது சரி என்கிறார். ஓருவலோ தன் பிராதைத் தானே வாசித்து, வாசிக்க வாசிக்கக் குற்றவாளி ஆகிறாள். வேதாகமமே முறையிட்டவனை இத்தனை கறாராக நடத்தவில்லையே?