ராஸ்பெரி பையில் ஓடும் லேத்: மரை வெட்டினால் ஒன்றுக்கு மூன்று தடம் விழுகிறது

இரும்புத்தூள் எழுதியது:

வணக்கம். பழைய மேசை லேத் ஒன்றைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. மூளை ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. அதில், வேலையை நேரம் தவறாமல் முடிக்கும் நிகழ்நேரக் கெர்னலுடன், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் ஓடுகிறது. முதலில் பையின் முனைகளிலிருந்தே, துடிப்புக்கு ஒரு படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாரின் டிரைவருக்குத் துடிப்புகளை அனுப்பிப் பார்த்தேன். என் லேத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 640 துடிப்பு வேண்டும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 32,000 துடிப்பு. மென்பொருளால் அவற்றைச் சீராகக் கொடுக்க முடியவில்லை, மோட்டார் இருமியது. ஆகவே ஈதர்நெட் வழியாக மெசா 7ஐ76ஈ அட்டையைச் சேர்த்தேன். இப்போது துடிப்பை உண்டாக்குவதும், ஸ்பிண்டில் (கம்பியைப் பிடித்துச் சுற்றும் அச்சு) எவ்வளவு திரும்பியது என்று காட்டும் என்கோடரை எண்ணுவதும் அட்டையின் வேலை. மில்லி வினாடிக்கு ஒருமுறை அதற்கு உத்தரவு கொடுத்தால் பையின் கடமை முடிந்தது.

முகப்பு கடைதல், சரிவு, வளைவு எல்லாம் அழகாக வருகின்றன. மரைதான் (திருகுப் புரி) உயிரை வாங்குகிறது. பல வெட்டுகளில் மரை போடும் ஜி76 கட்டளை, 1.5 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி இடைவெளி), ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 400 சுற்று. முதல் வெட்டு மிகச் சரி. இரண்டாவது வெட்டு சில நேரம் அதே தடத்தில் இறங்குகிறது, சில நேரம் பக்கத்தில் புதுத் தடம் போடுகிறது. பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடமும் 1.5தான். திரையில் காட்டும் ஸ்பிண்டில் வேகமும் டாக்கோமீட்டர் காட்டும் வேகமும் ஒன்றே. பதினோரு கம்பிகள் குப்பைக்குப் போய்விட்டன. பன்னிரண்டாவதைச் சக்கில் பிடிக்க மனம் வரவில்லை.

நுண்வினாடி:

முதலில், பை எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கும் தாமதச் சோதனையை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கூடவே படம் ஏதாவது ஓடட்டும், கோப்பு நகலெடுங்கள். பைக்கு மின்சாரம் தரும் அடாப்டரையும் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் பை சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரும்புத்தூள்:

பார்த்துவிட்டேன். மிக மோசமான தாமதமே 90 மைக்ரோ வினாடி. மில்லி வினாடிச் சுழற்சிக்கு இது பொருட்டில்லை. மின்னழுத்தக் குறைவு முதல் மாதத்தில் இருந்தது உண்மை. கைபேசிச் சார்ஜரைத் தூக்கிப் போட்டதும் போய்விட்டது.

பூஜ்யவோல்ட்:

ஸ்பிண்டில் மோட்டாரை ஓட்டுவது, வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர்தானே? என்கோடர் கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் மின் இரைச்சல் ஏறிப் போலி இண்டெக்ஸ் துடிப்பு (சுற்றுக்கு ஒருமுறை வரும் அடையாளத் துடிப்பு) கிடைக்கும். மரை வெட்டின் ஒவ்வொரு ஓட்டமும் அந்த இண்டெக்ஸுக்குக் காத்திருந்துதான் புறப்படுகிறது. பொய்த் துடிப்பு வந்தால் பொய்யான இடத்தில் புறப்படும். கவசக் கம்பி, எதிர்த்துடிப்பையும் சேர்த்து அனுப்பும் டிஃபரன்ஷியல் வகை என்கோடர், இரண்டும் இல்லாமல் மரை வெட்டுவது சூதாட்டம்.

இரும்புத்தூள்:

இரண்டும் இருக்கின்றன. கம்பிகளும் தனித்தனிப் பாதையில் போகின்றன. இரைச்சலோடு நான் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

பழைய பிட்டர்:

தம்பி, ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை தடம் விழுகிறது? ஊகம் வேண்டாம், பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இரும்புத்தூள்:

ஐயா, இப்போதுதான் எண்ணினேன். கெட்டுப்போன கம்பிகளில் ஏழு மிச்சம் இருந்தன. எதிலும் மூன்றுக்கு மேல் இல்லை. தடத்துக்குத் தடம் 0.5 மி.மீ. இடைவெளி.

பழைய பிட்டர்:

இரைச்சலாக இருந்தால் தடங்கள் கண்ட இடத்தில் சிதறியிருக்கும். இது அளந்து வைத்ததுபோல் 120 பாகைக்கு ஒன்றாக விழுகிறது. உங்கள் என்கோடர் ஸ்பிண்டிலோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றவில்லை. இரண்டையும் பெல்ட்டால் இணைக்கும் புல்லிகளின் பல்லை எண்ணுங்கள்.

கை லேத்தில் எப்போது இணைப்பது என்று காட்டும் மரை டயலின் தவறான கோட்டில், உளியின் வண்டியை மரைத் தண்டோடு இணைக்கும் ஹாஃப் நட்டைப் போட்டால் இதே காட்சியைப் பார்க்கலாம். நான் வேலை பழகியபோது இதற்காகத் திட்டு வாங்காத வாரமே இல்லை.

இரும்புத்தூள்:

ஸ்பிண்டிலில் 30 பல், என்கோடரில் 20. ஸ்பிண்டில் ஒரு சுற்றுக்கு என்கோடர் ஒன்றரைச் சுற்று. என்கோடரில் 1024 கோடு, கோட்டுக்கு நான்கு வீதம் 4096 எண்ணிக்கை. ஒன்றரை மடங்கில் 6144 கிடைக்கிறதே, துல்லியம் இலவசமாகக் கூடுகிறதே என்று அன்று மகிழ்ந்துபோய் அந்த எண்ணையே அமைப்பில் கொடுத்தேன். அதனால்தான் வேகமும் பிட்ச்சும் சரியாக வந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன.

பழைய பிட்டர்:

அதேதான். என்கோடரின் இண்டெக்ஸ் அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். அப்போது ஸ்பிண்டில் 240 பாகைதான் திரும்பியிருக்கும். ஆகவே 0, 240, 120, மறுபடி 0. உளி திரும்பி வரும் நேரத்தைப் பொறுத்து மூன்றில் ஏதோ ஒன்று கிடைக்கும். நம்பவில்லை என்றால் இண்டெக்ஸ் அனுமதியைக் கையால் ஆன் செய்துவிட்டுச் சக்கை மெல்லச் சுற்றுங்கள். எண்ணிக்கை பூஜ்யமாகும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். சில முறை செய்தால் மூன்று கோடுகள் நிற்கும்.

வழி இரண்டு. ஸ்பிண்டிலிலேயே காந்தம் ஒன்றை ஒட்டி, அதை உணரும் ஹால் சென்சார் வைத்து, அதை அட்டையின் இண்டெக்ஸ் முனைக்குக் கொடுக்கலாம். 6144 அப்படியே இருக்கலாம். அல்லது இரண்டு புல்லியும் 30 பல். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். காந்தம் விழும், சென்சாரில் துருவல் ஒட்டும், பல் சறுக்காது.

பூஜ்யவோல்ட்:

என் இரைச்சல் கோட்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறொன்று: அவசர நிறுத்தப் பொத்தான் இன்வெர்ட்டரையும் டிரைவர்களையும் நேரடியாக நிறுத்துகிறதா, இல்லை பையிடம் போய்க் கேட்கிறதா? பை உறைந்துபோன நாளில்தான் இதற்குப் பதில் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

இரும்புத்தூள்:

நேரடியாகத்தான். ரிலே துண்டிக்கிறது, பைக்குச் செய்தி மட்டும் போகிறது.

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பெல்ட்டை மாற்றாமல் 30 பல் புல்லியைப் போட்டதால் இரு புல்லிகளின் மையத்தூரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, 5 மி.மீ. பல் இடைவெளிக்கு ஏறத்தாழ 12.5 மி.மீ. தாங்கியின் நீள்துளை போதாமல் புதுத் துளை போட்டேன். எண்ணை 4096 ஆக்கினேன். பன்னிரண்டாவது கம்பியில் 14 வெட்டு, ஒரே தடம். எம்10 நட்டு விரலாலேயே கடைசி வரை ஏறியது.

அந்த 20 பல் புல்லி யாருக்காவது வேண்டுமா?