சீட் இடுக்கில் விழுந்த முத்துத் தோடு: சீட்டைக் கழற்றாமல் எடுக்க முடியுமா?

வெயில்முகம் கேட்கிறார்:

நேற்று இரவு அம்மாவுடன் வீடு திரும்பினேன். வண்டியை நிறுத்தியதும் அம்மா சீட் பெல்ட்டை விடுவித்தார். பட்டை மேலேறும்போது காதை உரசியது. ஒற்றை முத்து பதித்த தங்கத் தோடு கழன்று மடியில் விழுந்து, பிடிப்பதற்குள் உருண்டு, சீட்டுக்கும் நடுவிலுள்ள ஹேண்ட் பிரேக் பெட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கில் போய்விட்டது. 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திருகாணி மட்டும் கால்மிதியில் கிடைத்தது.

அது பாட்டியின் தோடு. பாட்டி போன நாளிலிருந்து அம்மா அதைக் காதிலிருந்து கழற்றியதே இல்லை. நேற்றிலிருந்து வெறும் காது மடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினேன். புறங்கை முழுக்கக் கீறல். நூலில் காந்தம் கட்டி இறக்கினேன். ஒரு கொண்டை ஊசியும் ஒரு திருகும் வந்தன. பணிமனையில் சீட்டையே கழற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் நானே செய்து பார்க்க வழி உண்டா? சீட்டை இன்னும் நகர்த்தவில்லை.

ஓடக்காரன் எழுதுகிறார்:

சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கடைசி வரை பின்னால் தள்ளி முன்பக்கமிருந்து பாருங்கள். என் அலமாரிச் சாவி அப்படித்தான் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால், தூசி உறிஞ்சும் கருவியின் வாயில் மெல்லிய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி உறிஞ்சுங்கள். பொருள் துணியில் வந்து நிற்கும், பைக்குள் போகாது.

உறைதையல் எழுதுகிறார்:

சகோதரி, சீட்டை நகர்த்தாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். ஓடக்காரன் சொல்வது சாவிக்குச் சரி. முத்துக்கு அந்த வரிசையில் செய்யாதீர்கள்.

22 ஆண்டுகளாகக் கார் சீட்டுகளுக்கு உறை தைத்து மாட்டுவது என் தொழில். கழற்றிய ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஏதாவது கிடக்கும். நாணயம், பேனா மூடி, மாத்திரை; ஒருமுறை ஒரு குழந்தையின் பால்பல். அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. அதனால் உங்கள் அம்மாவின் கை காதுக்கே போவது எனக்குப் புரிகிறது.

ஒரே ஒரு சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடுக்கில் விழுவது முதலில் பெல்ட் மாட்டும் பூட்டின் பிளாஸ்டிக் உறையில் மோதும். உங்களுக்குக் கேட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து கம்பளத்தில் விழுந்தால் சத்தம் வராது. சீட் நகரும் ரெயிலில் விழுந்தாலும் வராமல் போகலாம், ஏனென்றால் அங்கே கிரீஸ் தடவியிருக்கும், பிடித்துக்கொள்ளும். தோடு ரெயிலில் கிடக்கும்போது நீங்கள் சீட்டைத் தள்ளினால், முத்து எஃகுக்கு நடுவில் அரைபடும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் முத்தின் கடினம் 2.5 முதல் 4.5 வரைதான்.

ஆகவே முதலில் கண், பிறகுதான் கை. இருட்டிய பின் பாருங்கள், உள்விளக்கை அணைத்துவிடுங்கள். பின் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் மண்டியிட்டு, டார்ச்சைக் கையில் பிடிக்காமல் கம்பளத்தின் மேல் படுக்க வையுங்கள். வெளிச்சம் தரையோடு தரையாகப் போனால் கடுகளவு பொருளுக்கும் நீண்ட நிழல் விழும். மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், பக்கத்தில் கிடந்தாலும் தப்பிவிடும். கண் எட்டாத இடுக்குக்குக் கைபேசியில் விளக்கை எரியவிட்டு, காணொளி ஓடும்போதே மெல்ல இறக்கி எடுங்கள். கைபேசியை நழுவ விடாதீர்கள். சீட் ரெயிலில் நசுங்கிய கைபேசியின் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம்.

காந்தத்தை விட்டுவிடுங்கள், தங்கம் அதற்கு வராது. சீட்டின் அடியில் மஞ்சள் நிற இணைப்பி தெரிந்தால் தொட வேண்டாம். அது காற்றுப்பைக்கோ பெல்ட்டை இறுக்கும் அமைப்புக்கோ போகும் கம்பி. உங்கள் புறங்கையைக் கீறியது சீட் சட்டத்தின் தகட்டு விளிம்பு. தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் முன் சீட்டுக்கு அடியில், பின்னால் இருப்பவர் காலுக்குக் காற்று போகும் குழாயின் வாய் திறந்திருக்கும். உங்கள் வண்டியில் இருந்தால் அதைத் துணியால் அடைத்துவிட்டுத் தேடுங்கள்.

நிலாமுற்றம் எழுதுகிறார்:

பின் சீட்டில் தொலைப்பவர்களுக்காக ஒன்று. என் அப்பாவின் காதுக்கருவி பேட்டரி, சீட்டின் முதுகுக்கும் அடிக்கும் நடுவிலுள்ள மடிப்பில் நழுவியது. பல வண்டிகளில் பின் சீட்டின் அடிப்பகுதி முன்விளிம்பில் கிளிப்பில்தான் நிற்கிறது. விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தால் எழும்பி வரும். சிலவற்றில் போல்ட் இருக்கும், பலவந்தம் செய்ய வேண்டாம். குழந்தைகள் ஏறும் வண்டியாக இருந்தால் அந்தப் பொத்தான் பேட்டரியை எடுக்காமல் விடாதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெயில்முகம் எழுதுகிறார்:

கிடைத்துவிட்டது!

இப்போதுதான், இரவு எட்டரை மணிக்கு. டார்ச்சைப் படுக்க வைத்தேன். முதலில் ஒரு பட்டாணியின் நிழல், அடுத்து ஒரு காகிதத் துணுக்கு. மூன்றாவதாக ரெயிலின் பின்முனையில், முனைமூடிக்கு ஒரு விரற்கடை முன்னால், ஏதோ உருண்டையாக வெளிறித் தெரிந்தது. முத்து பாதிவரை கறுத்த கிரீஸில் புதைந்திருந்தது. அதைச் சுற்றி அம்மாவின் நரைமுடி ஒன்று. சீட்டைத் தள்ளியிருந்தால் அது நேராக அதன் மேல் ஏறியிருக்கும்.

அளவுகோலின் முனையில் இரட்டைப்பக்க நாடா ஒட்டி எடுக்கப் பார்த்தேன், கிரீஸில் நாடா பிடிக்கவில்லை. புருவம் திருத்தும் இடுக்கியின் இரு முனைகளிலும் பருத்தித் துணி சுற்றி, முத்தைத் தொடாமல் தங்கத் தண்டைப் பிடித்துத் தூக்கினேன். கை நடுங்கியது, அம்மா மறுபக்கமிருந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

முத்தில் இன்னும் கறுப்பு இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா ஐயா?

உறைதையல் எழுதுகிறார்:

மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம், முத்தின் மினுமினுப்பு போய்விடும். முதலில் காய்ந்த மென்மையான துணியால் கிரீஸை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தோட்டை நீரில் ஊறவிட வேண்டாம்.

அந்தத் திருகாணியையும் பாருங்கள். நன்றாக இறுகிய திருகாணி பெல்ட் உரசியதற்குக் கழன்றிருக்காது. மரை தேய்ந்திருந்தால் புதிது போடும்வரை அம்மா அணிய வேண்டாம்.

வெயில்முகம் எழுதுகிறார்:

துடைத்துவிட்டேன், வெண்மை திரும்பிவிட்டது. நீங்கள் சொன்னது சரி. திருகாணி இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்கவில்லை, விட்டால் தானாகக் கழன்று வருகிறது. நகை செய்பவரிடம் போகும்வரை சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன். அம்மா டப்பாவைத் திறந்து, மற்றக் காதுத் தோட்டையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டார்.